காலிமுகத்திடலில் ஒரு மாலை: ‘உங்களுக்கு எந்த நாளில் கோபம் வந்தது?’

கொழும்பு போகிறீர்கள் என்றால் காலிமுகத்திடலுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் போங்கள். வெயில் இறங்கியிருக்கும். பட்டம் விடும் பிள்ளைகள், குடை பிடித்துக்கொண்டு ரகசியம் பேசும் ஜோடிகள், அலை மேலே தெறிக்கும்போது கத்திக்கொண்டு ஓடும் குடும்பங்கள் என்று இடமே களைகட்டியிருக்கும். நம் மெரினாவைப்போல மணல்பரப்பு கிடையாது. ஒரு பக்கம் புல்வெளி, கடலோரமாக நீண்ட நடைபாதை, நடுவே வரிசையாகத் தள்ளுவண்டிகள். அந்த வண்டிகளில் ‘இஸ்ஸோ வடை’ என்று ஒன்று விற்கிறார்கள். பருப்பு வடையின் முதுகில் முழு இறாலைப் பதித்துப் பொரித்த வடை. மேலே வெங்காயமும் காரச் சாறும் ஊற்றித் தருகிறார்கள். அதைச் சாப்பிடாமல் திரும்பக் கூடாது.

1859-ல் பிரிட்டிஷ் கவர்னர் ஹென்றி வார்ட் அமைத்த நடைபாதை இது. தெற்கு முனையில் 1864-ல் தொடங்கிய காலிமுக ஹோட்டல். வடக்கு முனையில் பெரிய தூண்களோடு பழைய நாடாளுமன்றக் கட்டடம். இப்போது அதுதான் ஜனாதிபதி செயலகம். எதிரே பளபளக்கும் மால், நட்சத்திர ஹோட்டல். அந்தப் பக்கம் கடலைத் தூர்த்து எழுப்பிக்கொண்டிருக்கும் துறைமுக நகரம்.

ஆனால், நான் இங்கே வடைக்காக மட்டும் வரவில்லை. 2022 ஏப்ரல் 9-ம் தேதி தொடங்கி நூறு நாள்களுக்கு மேல் இந்தத் திடலில் ஒரு கிராமமே இருந்தது. பெயர் ‘கோட்டா கோ கம’. ‘கோட்டா, வீட்டுக்குப் போ’ என்ற முழக்கத்தில் இருந்த ‘கோ ஹோமை’க் கொஞ்சம் மாற்றி, சிங்களத்தில் கிராமம் என்று பொருள்படும் ‘கம’வைச் சேர்த்து வைத்த பெயர். 2019 நவம்பரில் 69 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கி ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச, மூன்று வருடம் முடிவதற்குள் நாட்டைவிட்டே ஓடிப்போகக் காரணமான இடம் இது.

அவ்வளவு பெரிய ஆதரவு எப்படிக் கரைந்தது? பொருளாதார நிபுணர்கள் எழுதிய விளக்கங்கள் நிறைய இருக்கின்றன. நான் கொழும்பில் இருந்த மூன்று நாளும் பார்த்தவர்களிடம் எல்லாம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ‘உங்களுக்கு எந்த நாளில் கோபம் வந்தது?’ ஆச்சர்யம், ஒருவர் சொன்ன நாளை இன்னொருவர் சொல்லவில்லை.

த்ரீவீலர் அண்ணன் சொன்ன நாள்

நான் தங்கியிருந்தது வெள்ளவத்தையில். தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் புடவைக்கடைகளும் நிறைந்த பகுதி. இரண்டு நிமிடம் நடந்தால் தமிழ்நாட்டில்தான் இருக்கிறோமோ என்று தோன்றிவிடும். அங்கிருந்து காலி வீதி வழியாகத் திடலுக்கு த்ரீவீலரில் போனேன். ஆட்டோ என்று சொன்னாலும் புரிகிறது. ஆனால் த்ரீவீலர் என்பதுதான் அங்கே வழக்கு.

ஓட்டிய அண்ணன் முஸ்லிம். நான் சென்னை என்றதும் ரஜினியில் ஆரம்பித்தவர், கோட்டாபய பெயரை எடுத்ததும் அமைதியாகிவிட்டார். கொஞ்ச தூரம் போன பிறகு அவராகவே பேசினார்.

“எல்லாரும் பெட்ரோல் வரிசையைச் சொல்லுவாங்க தங்கச்சி. வரிசையில நானும் ரெண்டு நாள் வண்டியிலயே தூங்கினவன்தான். ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே மனசு விட்டுப்போச்சு. ஜனாஸாவை எரிச்சாங்களே, அப்ப.”

2020-ல் கொரோனாவில் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று கோட்டாபய அரசு உத்தரவிட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடலும் எரிக்கப்பட்டது. அதன் பிறகு பொரளை மயானத்தின் கம்பி வேலியில் மக்கள் வந்து வெள்ளைத் துணிகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கட்டியவர்களில் எல்லா மதத்தினரும் இருந்தார்கள். 2021 பிப்ரவரி கடைசியில்தான் அந்த உத்தரவு மாறியது.

“நீங்களும் துணி கட்டினீங்களா அண்ணா?”

“வண்டியை நிப்பாட்டிட்டு இறங்கினேன். கைக்குட்டைதான் இருந்துச்சு. அதைக் கட்டிட்டு வந்தேன்” என்றவர், அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

தோழியின் அப்பா வாக்களித்த கதை

திடலில் எனக்காகக் காத்திருந்தவள் ஒரு சிங்களத் தோழி. என்னைப்போலவே டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை. ஆன்லைன் பயிற்சி வகுப்பொன்றில் பழக்கமானோம். பொலன்னறுவைப் பக்கம் நெல் விவசாயம் செய்யும் குடும்பம். இருவருக்கும் பொதுமொழி இங்கிலீஷ்தான்.

“2019-ல் எங்கள் வீட்டில் எல்லா ஓட்டும் கோட்டாபயவுக்குத்தான். அப்பா மற்றவர்களையும் அழைத்துக்கொண்டு போய் வாக்களித்தார்” என்றாள் கூச்சமே இல்லாமல். அதே ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். வெடித்த ஹோட்டல்களில் ஒன்று, நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. பாதுகாப்பு தருவேன் என்று வந்த முன்னாள் ராணுவ அதிகாரிக்குப் பெரும்பான்மைச் சிங்கள மக்கள் நம்பி வாக்களித்தார்கள்.

பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே மதிப்புக்கூட்டு வரியை 15 சதவிகிதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார். எல்லோருக்கும் சந்தோஷம். அரசுக்கு வர வேண்டிய வருமானம் படுத்துவிட்டது. அடுத்து கொரோனா வந்து சுற்றுலாவையும் முடக்கியது. 2019 கடைசியில் 760 கோடி டாலராக இருந்த அந்நியச் செலாவணிக் கையிருப்பு, 2022 மார்ச்சில் 200 கோடிக்கும் கீழே போனது.

“எங்கள் வீட்டுக்கு டாலர் கணக்கு தெரியாது. உரம்தான் தெரியும்” என்றாள் தோழி. தேர்தல் அறிக்கையில் பத்து வருடத்தில் படிப்படியாக இயற்கை விவசாயத்துக்கு மாறுவோம் என்றுதான் கோட்டாபய சொல்லியிருந்தார். 2021 மே மாதத்தில் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்துவிட்டார். மாற்று உரம் கைக்கு வரவில்லை. பயிர் வெளுத்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டபோது அந்தப் போகம் கைவிட்டுப் போயிருந்தது. அரிசியில் தன்னிறைவு என்று சொல்லிவந்த நாடு அரிசியை இறக்குமதி செய்தது.

“அப்பா வயல்வரப்பில் நின்று என்னிடம் போனில் பேசினார். ‘நான் தப்புப் பண்ணிட்டேன் மகளே’ என்றார். அதுவரை என் அப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.”

அடுத்த ஏப்ரலில் அவள் இந்தத் திடலில் கூடாரம் போட்டுத் தங்கினாள். பொலன்னறுவையிலிருந்து அப்பா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “நல்லாச் சாப்பிடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம்.

வடைக்காரரும் மண்ணெண்ணெய் வரிசையும்

வடை வண்டிக்காரருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தோழி மொழிபெயர்க்க, அவரிடமும் அதே கேள்வி. அவர் யோசிக்கவே இல்லை.

“அடுப்பு அணைஞ்ச நாள்.”

இலங்கையில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 அக்டோபர் வரை 1,493 ரூபாய். விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் 2,675 ஆனது. 2022 ஏப்ரலில் 4,860. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை என்பதுதான் கொடுமை. மண்ணெண்ணெய்க்கு மாறலாம் என்றால் அதற்கும் வரிசை. வெயிலில் வரிசையில் நின்ற வயதானவர்கள் சிலர் மயங்கி விழுந்து இறந்தே போனார்கள். பால்மா கிடைக்காததால் தேநீர்க்கடைகளில் பால் டீ நின்றுபோனது. காகிதத் தட்டுப்பாட்டால் பள்ளித் தேர்வுகள் தள்ளிப்போயின. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு.

மார்ச் 31 இரவு, மிரிஹானவில் இருந்த கோட்டாபயவின் சொந்த வீட்டு முன்னால் கூட்டம் கூடியது. கண்ணீர்ப்புகை, தண்ணீர்ப் பீரங்கி, அவசரநிலை, ஊரடங்கு, சமூக வலைதளங்களுக்குத் தடை என எல்லாம் அடுத்தடுத்து வந்தன. ஒன்பதே நாளில் கூட்டம் இந்தத் திடலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. ஏப்ரல் 12-ம் தேதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அரசே அறிவித்தது.

“அந்த நூறு நாளும் எனக்கு நல்ல வியாபாரம். பொய் சொல்லக் கூடாது” என்று சிரித்தார் வடைக்காரர். “மே 9 அன்னைக்கு மட்டும் வண்டியை விட்டுட்டு ஓடினேன்.” அன்றுதான் பிரதமர் மகிந்த ராஜபக்சவின் ஆதரவாளர்கள் அலரி மாளிகைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு வந்து கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். பதிலுக்கு நாடு முழுவதும் ஆளும்கட்சியினரின் வீடுகள் எரிந்தன. மகிந்த அன்றே ராஜினாமா செய்தார்.

கூடாரம் இருந்த புல்வெளி

தோழி புல்வெளியில் நடந்துகொண்டே காட்டினாள். “இங்கே நூலகம். இங்கே இலவசச் சமையல்கூடம். அங்கே மருத்துவ முகாம். அந்தப் பக்கம் சினிமாக் கூடாரம். கண்ணீர்ப்புகை சினிமா என்று பெயர் வைத்திருந்தோம்.” அவள் கை காட்டிய ஒவ்வோர் இடத்திலும் இப்போது புல் மட்டும்தான். அறிவிப்புப் பலகையோ நினைவுக் கல்லோ எதுவும் இல்லை. ஒரு சிறுவனின் பட்டநூல் என் காலில் சிக்கியது.

இங்கேதான் ரமலான் மாதத்தில் எல்லோரும் சேர்ந்து நோன்பு திறந்திருக்கிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குப் பால்சோறு பொங்கியிருக்கிறார்கள். 2020 சுதந்திர தின விழாவில் தவிர்க்கப்பட்ட தமிழ் தேசிய கீதத்தை இங்கே பாடியிருக்கிறார்கள்.

வடக்கு முனையில் பண்டாரநாயக்க சிலை நிற்கிறது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர். அந்த மசோதா வந்த ஜூன் 5-ம் தேதி, செல்வநாயகம் தலைமையில் தமிழர்கள் சத்தியாகிரகம் இருந்ததும் இதே திடலில், இதே கட்டடத்துக்கு எதிரேதான். அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களைக் கும்பல் அடித்து விரட்டியது. எம்.பி-யாக இருந்த அமிர்தலிங்கம், மண்டை உடைந்து கட்டுப் போட்டுக்கொண்டு சபைக்குள் போனார். 66 வருடம் கழித்து அதே புல்வெளியில் சிங்கள இளைஞர்கள் உட்கார்ந்து அதே கட்டடத்தைப் பார்த்துக் கோஷம் போட்டிருக்கிறார்கள். “1956 பற்றி எங்களுக்குப் பள்ளியில் சொல்லித்தரவில்லை. கூடாரத்தில் ஒரு தமிழ் அண்ணன் சொல்லித்தான் தெரியும்” என்றாள் தோழி.

நான் பார்த்த நீச்சல்குளம்

ஜூலை 9-ம் தேதி, பெட்ரோல் இல்லாத நாட்டில் ரயிலிலும் லாரியிலும் சைக்கிளிலும் நடந்தும் லட்சக்கணக்கானவர்கள் கொழும்புக்கு வந்தார்கள். ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். நீச்சல்குளத்தில் குதித்தார்கள். அங்கே கிடைத்த சுமார் 1 கோடியே 78 லட்சம் ரூபாயை எண்ணிப் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். கோட்டாபய மாலத்தீவு வழியாகச் சிங்கப்பூர் போய், ஜூலை 14-ல் அங்கிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா அனுப்பினார்.

அப்போது நான் சென்னையில் இதழியல் டிப்ளமோ மாணவி. அந்த நீச்சல்குள வீடியோவை வகுப்பு குரூப்பில் முதலில் பகிர்ந்தது நான்தான். சிரிக்கும் எமோஜி நான்கைந்து போட்டிருந்தேன். இலங்கை என்றால் எனக்கு அந்த வருடம் முழுக்க அந்த வீடியோதான். கொழும்பில் நான் கேள்வி கேட்ட ஒருவர்கூட நீச்சல்குளத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஜூலை 20-ல் நாடாளுமன்றம் ரணில் விக்கிரமசிங்கவை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. ஜூலை 22 நள்ளிரவுக்குப் பிறகு ராணுவமும் போலீஸும் நுழைந்து கூடாரங்களைப் பிய்த்தன. செயலகத்தைவிட்டு அன்று மதியமே வெளியேறுகிறோம் என்று போராட்டக்காரர்கள் சொல்லியிருந்தும், காத்திருக்கவில்லை.

வெள்ளவத்தை அம்மாவின் கோப்பை

இரவு அறைக்குத் திரும்பினேன். வீட்டின் ஒரு அறையை வாடகைக்கு விடும் யாழ்ப்பாணத்து அம்மா, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் எடுத்துவைத்திருந்தார். “இருங்கோ பிள்ளை, சாப்பிட்டுக்கொண்டே கதைப்பம்” என்றார். எங்கெல்லாம் போனேன் என்று சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கித்தான் கேட்டேன்.

“எங்களுக்கு 2009 பிள்ளை.” தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். “தம்பியை வட்டுவாகலில ஆமியிட்டக் கையளிச்சனாங்கள். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டுதான் சொன்னவை. அப்ப பாதுகாப்புச் செயலாளர் ஆர்? இவர்தானே.”

காணாமல்போனவர்களின் உறவுகள் 2017 பிப்ரவரி 20-ல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். கோட்டாபய ஜனாதிபதியான பிறகு, 2020 ஜனவரியில் ஐ.நா. அதிகாரியிடம் காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று சொன்னார். அம்மாவின் தாயார் அந்தச் செய்தியை வானொலியில் கேட்டுவிட்டு, இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

“2022-ல நீங்க திடலுக்குப் போனீங்களாம்மா?”

“முதல்ல போகேல்ல. காஸ் வரிசையில நிண்டனான். ஆனா அங்க போக மனம் வரேல்ல. நாங்கள் இவ்வளவு வருசமாக் கத்தினது ஆருக்கும் கேட்கேல்லையே எண்டு ஒரு கோபம். பிறகு ஒரேயொரு நாள் போனனான். மே 18.”

போர் முடிந்த நாள். ஒவ்வோர் ஆண்டும் வடக்கிலும் கிழக்கிலும் தடைகளுக்கு நடுவே நடக்கும் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல், 2022-ல் இந்தத் திடலில் நடந்தது. போர்க்காலத்தில் மக்கள் உயிரைப் பிடித்துவைத்திருந்த உப்புக் கஞ்சியை அங்கே வந்தவர்களுக்குப் பகிர்ந்தார்கள்.

“ஒரு சிங்களப் பெடியன் கஞ்சிக் கோப்பையை என்ர கையில தந்தான். உங்கட வயசுதான் இருக்கும். ஏதோ சொன்னான், விளங்கேல்ல. நான் குடிக்கேல்ல பிள்ளை. பிடிச்சுக்கொண்டே நிண்டனான். ஆறிப்போச்சு.”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

“பசி வந்தாப் பிறகுதான் உவைக்குக் கண் திறந்தது எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். நான் அப்பிடிச் சொல்ல மாட்டன். பிந்தி எண்டாலும் வந்தவை. ஆனா கோட்டா போனதோட எல்லாம் முடிஞ்சுது எண்டு வீட்டுக்குப் போயிட்டினம். என்ர தம்பியை ஆரும் தேடித் தரேல்ல.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. புட்டை முடித்தேன்.

இப்போது எப்படி இருக்கிறது?

2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதியானார். 2019 தேர்தலில் வெறும் 3 சதவிகித வாக்கு வாங்கியவர். நவம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவரது கூட்டணிக்கு 225-ல் 159 இடங்கள். யாழ்ப்பாண மாவட்டத்திலும் அவர்களே முதலிடம். நாடு திவாலானதற்கு ராஜபக்ச சகோதரர்களும் அன்றைய உயர் அதிகாரிகளும் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோட்டாபய 2022 செப்டம்பரிலேயே நாடு திரும்பிவிட்டார்.

நான் போனபோது பெட்ரோலுக்கு வரிசை இல்லை, கடைகளில் பால்மா இருந்தது. ஆனால் விலை எதுவும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தோழியுடன் மதியம் சாப்பிட்ட ஹோட்டல் பில்லைப் பார்த்தேன். கோட்டாபய 8 ஆக்கிய அந்த வரி, 2024 ஜனவரி முதல் 18 சதவிகிதம். அவள் பில்லைக் காட்டி, “எங்களுக்கு மிச்சமான நினைவுச்சின்னம் இதுதான்” என்றாள்.

த்ரீவீலர் அண்ணனிடம் புது அரசைப் பற்றிக் கேட்டதற்கு, “பார்ப்போம் தங்கச்சி. இப்ப எங்களுக்கு வழி தெரியும். இதே ரோடுதானே” என்று காலி வீதியைக் காட்டினார்.

கிளம்பும் அன்று விடிகாலையிலேயே அந்த அம்மா இடியப்பமும் சம்பலும் பொட்டலம் கட்டித் தந்தார். விமான நிலையத்தில் பசித்தால் சாப்பிடச் சொன்னார். படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“பிள்ளை, எழுதுவீங்கள்தானே?”

“எழுதுவேன்மா.”

“அந்த ஸ்விம்மிங் பூலை முதல்ல போடாதேங்கோ.”